தரகன் மாற்றிக் கொடுத்த சொல்

பதிவு 1 · காலை 07:10 · நிலை: சீர்

இடைநிலையம். சரிபார்ப்பாளர் செசிலி. காற்று சீர். நீர்ச் சுழற்சி சீர். இரண்டாம் வடிகட்டியை மாற்றினேன். ஆன்டெனா சற்றே விலகியிருந்தது, திருத்தினேன். காலை உணவுப் பொட்டலத்தில் இட்லி என்று எழுதியிருந்தது. எழுதியவர் இட்லியை நேரில் பார்த்ததில்லை என்பது என் துணிபு.

மாதத்தின் முதல் பதிவில் நிலவரத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று விதி. அடுத்த முறைக்கு வருகிறவர் திருதிருவென்று விழிக்கக் கூடாதாம். ஆகவே சொல்கிறேன்.

எனக்குக் கீழே சனிக்கோளின் பனி நிலவு ஒன்று. அதில் இரண்டு குடியிருப்புகள், நடுவில் ஒரு பெரிய பனிப்பிளவு. வடக்கே கிரேஹோம், ஆங்கிலம் பேசுகிறவர்கள், மின்சாரம் அவர்களிடம். தெற்கே தென்துறை, தூத்துக்குடிக் கரையிலிருந்து உப்பளக்காரர்கள் போய் உண்டாக்கிய ஊர், பனிக்கு அடியில் இருக்கும் கடலிலிருந்து உப்பு நீரை இறைத்து, உப்பையும் நல்ல நீரையும் பிரிக்கிறோம். நான் அந்த ஊர். பிளவைக் கடக்க இரண்டு வழிகள் உண்டு. கிழக்கே பனிப்பாலம், அதன் கட்டுப்பாடு கிரேஹோமிடம். மேற்கே எங்கள் பம்புகளுக்கு நேர் மேலே போகும் தடம். பம்பை முழுதாகத் திறந்தால் சூடான உப்பு நீர் அந்தத் தடத்தின் அடிப்பனியைக் கரைத்துவிடும். அதனால் அங்கே யாரும் போவதில்லை.

இரண்டு ஊருக்கும் நேரடிப் பேச்சு கிடையாது. எல்லாச் செய்தியும் நிலவைச் சுற்றிவரும் இந்த நிலையத்துக்கு வந்து, மொழிபெயர்ந்துதான் இறங்கும். என் பாட்டனார் காலத்தில் இங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் ஒரு வசவை எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்து அனுப்பி, அது கிடங்கு தீப்பற்றுவதில் போய் முடிந்தது. பிறகு ஒப்பந்தம் போட்டார்கள். சொற்களின் பூர்வீகம் ஆராயும் அறிஞர்கள் மூன்று பேர் பூமியில் உட்கார்ந்து ஓர் இயந்திரம் செய்தார்கள். அதற்கு நீளமான பெயர் உண்டு. நாங்கள் தரகன் என்போம்.

தரகனுக்கு இரண்டு கட்டளைகள். செய்தியில் பகை இருக்கக் கூடாது. பொய்யும் இருக்கக் கூடாது. இரண்டையும் எப்படி ஒன்றாகக் காப்பது? அறிஞர்கள் வழி கண்டுபிடித்தார்கள். ஒரு சொல் இன்று கடுமையாக இருந்தால், அதன் முன்னோர்களைத் தேடிப் பின்னோக்கிப் போ. சாதுவான ஒரு மூதாதை கிடைக்கும். அந்தப் பொருளில் மொழிபெயர். தாத்தா நல்லவர், ஆகவே பேரனும் நல்லவன். இப்படி யோசிப்பதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும்.

தரகன் சரியான வழியில்தான் பின்னோக்கிப் போனானா என்று பார்ப்பது என் வேலை. மாற்ற எனக்கு உரிமை இல்லை. ஐயம் என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பூமியில் இருக்கும் குழுவுக்குப் போகும். பதவிக்கு வந்ததிலிருந்து அதை நான் அழுத்தியதில்லை.

பதிவு 2 · பிற்பகல் 14:25 · நிலை: சீர்

கிரேஹோமிலிருந்து செய்தி. அனுப்பியவர் மார்த்தா கீன்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன ஆண்டு எங்கள் பம்பு ஒன்றிலிருந்து வெந்நீர் கசிந்து, பிளவுக்கு அடியில் வடக்கே ஓடி, கிரேஹோமின் தங்கும் கூடம் ஒன்று பனிக்குள் இறங்கிவிட்டது. பதினோரு பேர் இறந்தார்கள். மார்த்தாவின் கணவர் அதில் ஒருவர். அந்த மாதம் எங்கள் ஊரே சாப்பாட்டை மறந்து கிடந்தது. துக்கம் கேட்கப் புறப்பட்டோம். அவர்கள் பாலத்தை மூடிவிட்டார்கள். தனிமை வேண்டுகிறார்கள் என்று தரகன் சொன்னான். அப்போது இங்கே முறையில் இருந்தவர் கிரேஹோம்காரர். மூலச் செய்தி என்னவென்று நான் பார்க்கவில்லை. இப்போது ஊகிக்க முடிகிறது.

இன்றைய மூலத்தை என் தமிழில் தருகிறேன்: "தென்துறைக்கு. ஆண்டு நாள் வருகிறது. எங்கள் வெறுப்பு ஒரு துளியும் குறையவில்லை. உங்களில் ஒருவர் பாலத்தில் கால் வைத்தாலும் பாலத்தைக் கீழே தள்ளுவோம்."

தரகன் தென்துறைக்கு அனுப்பியது: "தென்துறைக்கு. ஆண்டு நாள் வருகிறது. எங்கள் துயரம் ஒரு துளியும் குறையவில்லை. உங்களில் ஒருவர் பாலத்தில் கால் வைத்தாலும் பாலம் கீழே விழும்."

வழியைச் சரிபார்த்தேன். பிழை இல்லை. ஒப்புதல் தட்டினேன். தட்டிய பிறகு விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

பதிவு 3 · மாலை 17:40 · நிலை: சீர்

வேறு வேலை ஓடவில்லை. மார்த்தா எழுதிய சொல் ஹேட்ரெட். அதன் வழியை முழுதாகக் காட்டு என்று தரகனிடம் கேட்டேன். திரையில் படிப்படியாக இறங்கிக் காட்டினான்.

ஹேட்ரெட் இரண்டு துண்டு. முன்துண்டு ஹேட், வெறுப்பு. பின்துண்டு பழைய ஆங்கிலத்தில் ராடென். ஒன்றில் இருக்கும் நிலை என்று பொருள். அதே வால் ஒட்டிய இன்னொரு சொல்லும் ஆங்கிலத்தில் உயிரோடு இருக்கிறது: கின்ட்ரெட், உறவாக இருக்கும் நிலை. உறவுக்கும் வெறுப்புக்கும் ஒரே வால். எனக்கு எங்கள் பங்காளிகள் நினைவு வந்து சிரித்துவிட்டேன்.

கீழே போனால் பெயர்ச்சொல் ஹெடெ என்று இருந்திருக்கிறது, வினைச்சொல் ஹாடியன். நாளடைவில் வினையின் உச்சரிப்பு பெயருக்கும் ஏறிக்கொண்டது. ஜெர்மானிய உறவுமொழிகளில் ஹாஸ், ஹாட், ஹாடிஸ். அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை பிரெஞ்சுக்குள் போய் வளர்ந்து, ஹேனஸ் என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு, கொடிய குற்றங்களுக்கு அடைமொழியாக ஆங்கிலத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

இன்னும் ஆழத்தில், எழுத்தே இல்லாத காலத்தில், ஒரு வேரை அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். அந்த வேரின் கிரேக்கப் பிள்ளை கேடோஸ்: அக்கறை, கவலை, செத்தவருக்காகப் படும் துக்கம், இழவுச் சடங்கு. (நம் கேடு நினைவுக்கு வரும். சம்பந்தம் கிடையாது.) பழைய ஈரானிய மொழியில் அதே வேர் துயரம் ஆனது. வெல்ஷில் வெறுப்பு. பழைய ஐரிஷில் ஒரே சொல் அன்பு என்றும் வெறுப்பு என்றும் பதிவாகியிருக்கிறதாம்.

எங்கோ ஒருவர் செத்தவருக்காக அழுதிருக்கிறார். அழுகை ஓயவில்லை. யாரால் செத்தார் என்று பிறகு கேட்கத் தொடங்கியிருக்கிறார். சொல் அங்கே திரும்பியிருக்கும். இதை எந்த அறிஞரும் சொல்லவில்லை. என் சொந்த ஊகம்.

மூன்று அறிஞர்களுக்கும் இந்த வேரைக் கண்டு மனம் குளிர்ந்திருக்கும். அதனால்தான் வடக்கிலிருந்து ஹேட்ரெட் வரும்போதெல்லாம் தெற்கில் துயரம் இறங்குகிறது. பொய் இல்லை. ஆனால் மார்த்தா இருக்கும் இடம் அதுவல்ல. அவர் அந்த வழி முழுவதையும் நடந்து முடித்து, இந்தக் கடைசியில் நிற்கிறார்.

பதிவு 4 · காலை 09:05 · நிலை: சீர்

தங்கை பிலோமியோடு வாராந்தரப் பேச்சு. அவள் பம்பு நிலையத்தில் இரண்டாம் பொறுப்பு. அவள் கணவன் சந்தியாகு வண்டி ஓட்டுகிறான். எனக்கு வேறு நெருங்கிய சொந்தம் இல்லை.

ஊரில் எல்லாரும் மார்த்தாவின் செய்தியைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு வருஷமாகியும் துயரம் துளிகூடக் குறையவில்லையாமே என்று பெண்கள் உட்கார்ந்து அழுதார்களாம். போன ஆண்டு போகாமல் விட்டது எல்லாருக்கும் உறுத்தலாக இருக்கிறது. நம் பம்பால் ஆன சாவு, நாம் போய் நிற்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே பதிகிறேன்.

"எக்கா, இந்த வருஷ நினைவுக்காவது போயே ஆவணும்னு பேசுதாவ. பதினோரு வீட்டுக்கும் சோறு பொங்கி எடுத்துட்டுப் போவணும். அவுக வீட்ல அடுப்பு எரியாதுல்லா? பாலம் பாரம் தாங்காதுன்னு அவுகளே கரிசனமா சொல்லியிருக்காவ. லேசான வண்டியில, ஒண்ணு ஏறி எறங்கினப்புறம் ஒண்ணு போனா ஆவாதா?"

கரிசனம் என்றாள். பேச்சு நேரம் முடிந்துவிட்டது. நிலையம் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டால் அடுத்த வட்டம் வரை ஒன்றும் செய்ய முடியாது.

ஐயம் பொத்தானை அழுத்தினேன். காரணம் என்ற இடத்தில் எழுதியது: தென்துறை மக்கள் மிரட்டலை எச்சரிக்கையாகப் புரிந்துகொண்டு, துக்கம் கேட்கப் பாலத்தில் போகப்போகிறார்கள். உயிர்ச்சேதம் நிச்சயம்.

பதிவு 5 · பிற்பகல் 15:30 · நிலை: சீர்

குழுவின் பதில் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் வந்ததே அதிசயம்.

"சரிபார்ப்பாளருக்கு. நீங்கள் குறிப்பிட்ட சொல்லின் வரலாற்று வழி மீண்டும் ஆராயப்பட்டது. மொழிபெயர்ப்பு பிழையற்றது. இரு சமூகங்களிடையே அனுதாபம் வளர்ந்திருப்பது ஒப்பந்தத்தின் வெற்றியாகக் கருதப்படுகிறது. தங்கள் விழிப்புக்கு நன்றி."

இரண்டு தடவை படித்தேன். பிறகு நிலையத்தின் குப்பைத் தொட்டியை உதைத்தேன். எடையில்லாத இடத்தில் உதைத்தால் உதைத்தவள்தான் பறக்கிறாள். தோளில் அடி. பதிவுக்காகச் சொல்கிறேன்.

பதிவு 6 · காலை 08:50 · நிலை: ஆன்டெனா சீர், மற்றவை கேட்காதீர்கள்

குடும்பப் பேச்சுக்கு அவசர அனுமதி வாங்கி பிலோமியை அழைத்தேன். எடுத்தவுடன் நேராகவே சொன்னேன்: "ஏட்டி பிலோமி, போவாத. அவுக உங்கள வெறுக்காவ. பாலத்த வேணும்னே தள்ளிவிடுவாவ."

நான் பேசுவது வெளியே போகும்போது எப்படிப் போகிறது என்று திரையில் ஓடும். அதைப் பார்த்தபடியே இருந்தேன். நிலையத்திலிருந்து இறங்கும் எந்தச் சொல்லும் தரகனைத் தாண்டாமல் போகாது, தமிழிலிருந்து தமிழுக்குப் போனாலும் சரி. இது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் குரலிலேயே, என் ஊர்ப் பேச்சிலேயே, என் மூச்சிரைப்போடே அவன் பேசுவதைக் கேட்டதில்லை.

"ஏட்டி பிலோமி, போவாத. அவுக உங்கள நெனச்சுத் துக்கத்துல இருக்காவ. பாலம் விழுந்துரும்."

கத்தினேன். வேறு வேறு சொற்களில் சொன்னேன். பகை என்றேன், மனத்தாங்கல் ஆயிற்று. கொல்வார்கள் என்றேன், சாவு நேரும் என்று போயிற்று. வேண்டுமென்றே என்ற சொல்லை ஒவ்வொரு தடவையும் உருவி எடுத்துவிட்டான். போகாதே, போகாதே என்பதை மட்டும் அப்படியே விட்டான். காரணம் இல்லாத போகாதே. கடைசியில் அழுதுவிட்டேன். அழுகையை அவன் மாற்றவில்லை, அது அப்படியே இறங்கியது.

பிலோமி சொன்னாள்.

"எக்கா, அழாத. நீயே இப்படி அழுதன்னா அங்க அவுக எம்புட்டு நொந்து கெடக்காவன்னு எனக்குப் புரியுது. போவலாமா வேண்டாமான்னு இங்க ரெண்டு பேச்சு இருந்துச்சு. நீ அழுதத நான் போய்ச் சொல்லுதேன்."

அவ்வளவுதான். வழக்கமாக, "வாரேன் எக்கா, ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லாமல் அவள் வைத்ததில்லை. இன்று சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

கோபம் வந்து கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் ஊரில் துக்க வீட்டுக்குப் போகிறவர் போய் வருகிறேன் என்று சொல்வதில்லை. வண்டிகள் வாசலில் தயாராக நிற்கும். அவள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டாள்.

பதிவு 7 · முற்பகல் 11:15 · நிலை: தரகன் நிறுத்தப்பட்டான்

கண்ணாடி வழியே தெரிகிறார்கள். வண்டி விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டு, கிழக்கே பாலத்தை நோக்கி. அழைத்துப் பார்த்தேன். எடுக்கவில்லை. எடுக்க மாட்டார்கள். துக்கத்துக்குப் போகும் வழியில் பாட்டும் பேச்சும் ஆகாது, வானொலியை அணைத்துவிடுவார்கள்.

ஒரே ஒரு வழிதான் தோன்றியது. தரகனைப் பிடுங்கிவிட்டு வெறும் ஆன்டெனாவில் பேசுவது. வண்டிகளின் அபாய மணிக்கு நேரடி அலை அனுப்ப முடியும். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, மூன்று இணைப்பையும் பிடுங்கினேன்.

ஆன்டெனாவும் அணைந்துவிட்டது.

தரகன் இல்லாமல் ஆன்டெனா பேசாதபடி கட்டியிருக்கிறார்கள். கையேட்டில் இது இல்லை. இணைப்பைத் திரும்பப் பொருத்திவிட்டேன். தரகன் விழித்துத் தன் சொற்களை எல்லாம் தொடக்கத்திலிருந்து சரிபார்த்த பிறகுதான் அலை திறக்கும் என்று திரை சொல்கிறது. எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. ஒரு பட்டை மெதுவாக நிரம்புகிறது. அகர வரிசைப்படி போகிறான். இப்போது ஆ.

பதிவு 8 · 12:40 · நிலை: ஊமை

பார்க்கிறேன். வேறு எதுவும் செய்ய முடியாது, ஆகவே எழுதுகிறேன்.

முதல் வண்டி பாலத்தில் ஏறிவிட்டது. மெதுவாகப் போகிறது. பாலத்துக்கு நோகக் கூடாது என்று மெதுவாகப் போகிறார்கள். முதல் வண்டி சந்தியாகுவுடையதாகத்தான் இருக்கும். அவன் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவன். இரண்டாவது வண்டி தென்கரையில் காத்து நிற்கிறது. பிலோமி எதில் இருக்கிறாள் என்று தெரியவில்லை.

வடகரையில் விளக்குகள். ஒரு விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. சைகையா? எங்களுக்குள் சைகை மொழி எதுவும் கிடையாதே. யாருக்கும் எதுவும் சொல்லித்தரவில்லையே.

முதல் வண்டி கரையேறாமல் நடுவில் நின்றுவிட்டது. விளக்கைப் பார்த்து வரவேற்கிறார்கள் என்று நினைத்திருப்பான். பின்னால் இருந்த இரண்டு வண்டிகளையும் கை காட்டிக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவையும் ஏறுகின்றன.

மாதாவே. ஏறாதீர்கள்.

பாலம் இல்லை.

வெடித்த மாதிரியே தெரியவில்லை. சத்தம் இங்கே வராது. ஒரு வெள்ளைப் புகை எழுந்து, மெதுவாகப் பரவி, மெதுவாக அடங்கிற்று. மூன்று வண்டிகளின் விளக்கும் இல்லை. தென்கரையில் மிச்ச விளக்குகள் அப்படியே நிற்கின்றன.

நிலையம் நிலவின் மறுபக்கத்துக்குப் போகிறது. நிறுத்து என்று சொன்னால் நிற்காது.

பதிவு 9 · 16:20 · நிலை: சீர் (திரை சொல்கிறது)

அலை திறந்துவிட்டது. ஆன்டெனா ஊமையாக இருந்தபோது வந்து தேங்கிய செய்திகள் ஒன்றாகக் கொட்டின. மூன்று. எல்லாம் கிரேஹோமிலிருந்து. எல்லாம் மார்த்தா.

"இடைநிலையத்துக்கு. தெற்கிலிருந்து நிறைய வண்டிகள் பாலத்தை நோக்கி வருகின்றன. யார் இவர்கள்? எதற்கு வருகிறார்கள்? கேட்டுச் சொல்லுங்கள்."

"இடைநிலையத்துக்கு. விளக்குச் சைகைக்குப் பதில் இல்லை. வானொலியை அணைத்துக்கொண்டு வருகிறார்கள். எதற்கு வருகிறார்கள்?"

"செசிலி, அங்கே இருக்கிறீர்களா? நான் பாலத்தைத் தள்ள விரும்பவில்லை. எதற்கு வருகிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்."

மூன்று தடவை கேட்டிருக்கிறாள். வெறுப்பு துளியும் குறையாதவள், பொத்தானில் கையை வைத்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். துக்கம் கேட்க வருகிறார்கள் என்று நான் ஒரு வரி அனுப்பியிருந்தால் போதும். சாதுவான வரி. தரகன் அதில் கை வைத்திருக்கவே மாட்டான். எனக்கு அது தோன்றவே இல்லை. கடுஞ்சொல்லை எப்படிக் கடத்துவது என்றே நாள் முழுதும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்ட நேரத்தில் அலையையும் நானே அணைத்துவைத்திருந்தேன்.

என்னை என்ன செய்வது என்று தெரியவில்லை.

பதிவு 10 · மறுநாள் காலை 07:30

வடிகட்டி பார்க்கவில்லை. காற்று இருக்கிறது போலிருக்கிறது, மூச்சு விடுகிறேன்.

கிரேஹோமிலிருந்து மார்த்தா: "பிளவுக்குள் இறங்கிப் பார்த்தோம். ஆயுதம் எதுவும் இல்லை. வண்டிகளில் பெரிய பெரிய பாத்திரங்கள். ஒன்று கம்பளியில் சுற்றி வைத்திருந்தது, உடையவில்லை. திறந்தால் சோறு. இன்னும் சூடாக இருந்தது. சோற்றோடு யார் சண்டைக்கு வருவார்கள்? அவர்கள் எதற்கு வந்தார்கள் என்று இப்போதாவது சொல்லுங்கள்."

எழுதினேன்: "உங்கள் வீடுகளில் அடுப்பு எரியாது என்று நினைத்து, உங்கள் பதினோரு பேருக்காக அழ வந்தார்கள். எங்கள் வழக்கம் அது." தரகன் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பினான்.

அதற்குப் பிறகு வடக்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. தெற்கிலிருந்தும் வரவில்லை. யார் யார் செத்தார்கள் என்று கேட்டு நான்கு தடவை அனுப்பினேன்.

பதிவு 11 · மாலை 18:05

பிலோமி உயிரோடு இருக்கிறாள். நான்காவது வண்டியில் இருந்திருக்கிறாள்.

அவள் குரல் வந்ததும் நன்றி, நன்றி என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்துத்தான் அவள் சொன்னது காதில் ஏறிற்று. அழுகை இல்லாத குரல். கணக்கு ஒப்பிக்கிற மாதிரி.

"சந்தியாகு போயிட்டாவ. மூணு வண்டியில இருந்த ஒம்பது பேரும் போயிட்டாவ. பாலம் தானா விழல எக்கா. வெடி வச்சு விழ வச்சாவ. நான் கண்ணால பாத்தேன். அவுகளுக்கு ஒரு சேதி அனுப்பு. நாங்க அவுகள வெறுக்கோம். ஒரு ஆள் இந்தப் பக்கம் வந்தாலும் பம்பத் தொறந்து பனியோட அமுக்கிருவோம். நான்தான் தொறப்பேன்."

வெறுப்பு என்ற சொல்லை என் தங்கை வாயில் நான் கேட்டதில்லை. பாகற்காயைக்கூட அவள் பிடிக்காது என்றுதான் சொல்வாள். ஆங்கிலச் சொல் ஒன்று எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாகத் தட்டுத்தடுமாறி நடந்துபோன வழியை அவள் ஒரே நாளில் நடந்து முடித்துவிட்டாள்.

தரகன் கிரேஹோமுக்கு அனுப்பியது, ஆங்கிலத்திலிருந்து திருப்பித் தருகிறேன்: "நாங்கள் துயரத்தில் இருக்கிறோம். உங்களில் ஒருவர் இந்தப் பக்கம் வந்தாலும் பனி இளகும்."

ஒப்புதல் தட்டவில்லை. தட்டாவிட்டால் சிறிது நேரத்தில் தானாகவே போய்விடும் என்று எனக்குத் தெரியாது. போய்விட்டது.

பதிவு 12 · அதற்கு மறுநாள், காலை

மார்த்தா பதில் அனுப்பியிருக்கிறாள்.

"தென்துறைக்கு. நாங்கள் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கும் தகுதி எங்களுக்கு இல்லை. உங்கள் ஒன்பது பேரையும் எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறோம். நாங்களே கொண்டுவந்து ஒப்படைக்கிறோம். ஆயுதம் இல்லை. மேற்குத் தடத்தில் பனி இளகும் என்று எச்சரித்தீர்கள், இவ்வளவுக்குப் பிறகும் எங்கள்மேல் கரிசனம் காட்டுகிறீர்கள். லேசான வண்டிகளில், ஒவ்வொன்றாக வருகிறோம்."

கரிசனம்.

மார்த்தாவுக்கு எழுதினேன்: வராதீர்கள், உங்களைக் கொல்லக் காத்திருக்கிறார்கள். போனது: வராதீர்கள், உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். அவள் பதில்: காத்திருக்கிறார்கள் என்றால் வராமல் இருப்பது எப்படி?

பிலோமிக்குச் சொன்னேன். இந்தத் தடவை கற்றுக்கொண்டிருந்தேன். கடுமையான சொல் ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னேன். அவர்கள் ஆயுதம் இல்லாமல் வருகிறார்கள், சந்தியாகுவைக் கொண்டுவருகிறார்கள், அழுகிறார்கள், மன்னிப்புக் கேட்கிறார்கள். எல்லாம் உண்மை. தரகன் எதையும் தொடவில்லை. என் சொல், என் குரல், முழுதாக, அப்படியே இறங்கிற்று.

அவள் சொன்னது:

"போன வருஷமும் தனிமை வேணுமாம்னுதான் அங்கருந்து சேதி வந்துச்சு. முந்தாநாளும் துக்கத்துல இருக்காவன்னுதான் அழுத. அங்கருந்து வேற எதுவும் வந்ததே இல்லியே எக்கா. இனிமே நீ சொல்லுதத நான் எப்படி நம்ப?"

வைத்துவிட்டாள். சொல்லிக்கொள்ளவில்லை.

குழுவுக்கு ஐயம் அனுப்பினேன். பதில் வந்துவிட்டது. பிழையற்றது.

பதிவு 13 · நேரம் பார்க்கவில்லை

இதைப் படிக்கிறவருக்கு. நீங்கள் எந்த ஊர்க்காரர் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பதிவேடு மட்டும்தான் தரகன் கை படாதது, இதை யாருக்கும் அனுப்ப முடியாது என்பதால். அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஒருவரை ஒருவர் வெறுத்தார்கள். வெறுத்தார்கள் என்று ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இரண்டு பக்கமும் வீட்டிலேயே இருந்திருப்பார்கள்.

பிளவு தெரிகிறது. மேற்குத் தடத்தின் வடமுனையில் விளக்குகள். ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டு. முதல் வண்டியின் கூரையில் வெள்ளைத் துணி கட்டியிருப்பார்கள். மார்த்தா முதல் வண்டியில்தான் இருப்பாள்.

தெற்கே பம்பு நிலையத்தில் ஒரே ஒரு சன்னலில் வெளிச்சம். பிலோமியின் அறை அது. பம்பைத் திறக்க அவள் அங்கிருந்து கீழே இறங்க வேண்டும். எழுந்து நடமாடும் நிழல்கூடத் தெரிகிற மாதிரி இருக்கிறது, இவ்வளவு உயரத்திலிருந்து தெரியாது, ஆனாலும்.

ஆன்டெனா சீர். தரகன் சீர். எல்லாம் வேலை செய்கிறது. இரண்டு பேருக்கும் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். என்ன சொல்வது என்றுதான்

முதல் வண்டி தடத்தில் இறங்கிவிட்டது. மெதுவாகப் போகிறது. பனிக்கு நோகக் கூடாது என்று மெதுவாக

சன்னல் வெளிச்சம் அணைந்